பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது

பூனையோ நாயோ வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: "ரெண்டு நாள் வெளியூர் போய்ட்டேன்ல, அந்தக் கோபத்துல என் படுக்கையிலயே மூத்திரம் போய் வச்சிருக்கு." கேட்கிறவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், ஆளுக்கொரு கதை எடுத்துவிடுவார்கள். எனக்கு இந்தப் பேச்சு எப்போதும் ஒட்டியதே இல்லை. பூனைக்குக் கோபம் வராது என்று சொல்ல வரவில்லை, வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் நடந்ததை மனதில் வைத்திருந்து, எதிரி தலைவைத்துப் படுக்கிற இடம் எது என்று யோசித்து, அங்கே போய்க் கணக்குத் தீர்ப்பதெல்லாம் மனிதர்கள் செய்கிற வேலை. அதைப் பாவம் அந்த விலங்கின் தலையில் கட்டுகிறோம். கட்டினால் என்ன, வேடிக்கைப் பேச்சுதானே என்று விட்டுவிடலாம். பிரச்சினை என்னவென்றால், பழிவாங்கல் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் அப்புறம் அந்தக் கறையை யாரும் பார்ப்பதே இல்லை. திட்டிக்கொண்டே துடைத்துவிட்டு, மேலே வாசனைத் திரவத்தை அடித்துவிட்டுப் போய்விடுகிறோம். கறை திரும்ப வருகிறது, நெடி போகவே மாட்டேன் என்கிறது. துடைத்தது போதவில்லை என்று இன்னும் காரமான ஒரு பாட்டிலை வாங்குகிறோம்.

எங்கள் வீட்டில் மிளகு என்று ஒரு பூனை. கறுப்பு, கொஞ்சம் தொப்பை, கருத்தடை செய்த ஆண். நல்ல பிள்ளையாகத் தன் மண் தட்டில் போய்க்கொண்டிருந்தவன். ஒரு கட்டத்தில் கூடத்தில் நெடி வர ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, காற்றில் ஈரம் ஏறுகிற நாட்களில் மட்டும். வெயில் அடிக்கிற நாளில் வீட்டையே மோந்து பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது, வானம் மூடினால் சோபா பக்கம் மூக்கைக் கொண்டுபோக முடியாது. அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. அக்கா தன் கிழட்டு நாயைக் கொண்டுவந்து எங்களோடு தங்க ஆரம்பித்த நேரம் அது. "நாயைக் கொண்டாந்து வச்சிட்டீங்க, அவனுக்குப் பொறுக்கல, அதான் வீட்டையே நாறடிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அக்கா அதற்கு ஒரு படி மேலே போய் மிளகிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிளகுக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனபோது பேச்சோடு பேச்சாக இதை மருத்துவரிடம் சொன்னோம். அவர் பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் ஒரு கேள்வி கேட்டார்: "நின்னுக்கிட்டுப் போறானா, உக்காந்து போறானா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டில் மூன்று பெரியவர்கள், மாதக்கணக்காக அதே நெடியைப் பற்றியே பேச்சு, பதில் மட்டும் யாரிடமும் இல்லை. அடுத்த கேள்வி, சுவரிலா தரையிலா. அதற்கடுத்தது, குளம் மாதிரி இருக்கிறதா, நாலைந்து சொட்டா. தட்டில் போவது குறைந்திருக்கிறதா, போகும்போது முனகுகிறானா, நிறம் எப்படி. எதற்கும் உருப்படியான பதில் இல்லை. அவர் கடிந்துகொள்ளவெல்லாம் இல்லை. "பாத்துட்டு வந்து சொல்லுங்க, அதுக்கப்புறம் தொடைங்க" என்றார், அவ்வளவுதான்.

அந்த "அதுக்கப்புறம் தொடைங்க"தான் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. கறை என்றால் துடைக்க வேண்டியது என்பதைத் தாண்டி யோசித்ததே இல்லை. அது ஒரு தகவல் என்றும், துடைத்தால் அந்தத் தகவலும் சேர்ந்து போய்விடும் என்றும் அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது.

அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பூனை உட்கார்ந்து, தட்டையான இடத்தில், நிறையப் போனால் அது இயற்கை உபாதை. மண் தட்டு பிடிக்கவில்லை, அல்லது அங்கே போய்ச் சேர முடியவில்லை, அல்லது உடம்பில் ஏதோ கோளாறு. நின்றுகொண்டு, வாலைத் தூக்கி நடுக்கி, பின்பக்கமாகச் சுவரிலோ திரையிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் கருத்தடை செய்த ஆண்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இதைச் செய்யும். அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி முக்கி, நாலு சொட்டு மட்டும் வந்தால், அல்லது ரத்தம் கலந்து வந்தால், அது சிறுநீர்ப்பை விவகாரம். ஆண் பூனை முக்கியும் ஒன்றுமே வரவில்லை என்றால் துடைப்பம், பாட்டில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு உடனே ஓட வேண்டும். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடும். நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போனால் சர்க்கரை, சிறுநீரகம் என்று பார்க்க வேண்டும். இத்தனையையும் "பழிவாங்குது" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவைத்திருக்கிறோம்.

படுக்கைக் கதைக்கும் ஒரு விளக்கம் உண்டு. ஆள் இல்லாதபோது பூனை பதறுகிறது. பதற்றம் கூடினால் சில பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சியே வந்துவிடும், கிருமி எதுவும் இல்லாமல். அந்த நேரத்தில் அது தேடிப் போகிற இடம் ஆளின் வாசம் அதிகம் உள்ள இடம். ஆக, வெளியூர் போனதற்கும் படுக்கைக்கும் சம்பந்தம் இருப்பது உண்மைதான், காரணம்தான் நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

இருட்டில் டார்ச்

யூவி டார்ச் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். புற ஊதா ஒளி அடிக்கிற டார்ச் அது, காய்ந்த மூத்திரக் கறை அந்த வெளிச்சத்தில் ஒளிரும். கடையில் கிடைப்பவற்றில் 365 நானோமீட்டர், 395 நானோமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. 395-இல் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும், 365-இல் கறை தெளிவாகத் தெரியும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து, திரைகளை இழுத்துவிட்டு, தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். முதலில் பளிச்சென்று நீல வெள்ளையில் ஒளிர்ந்தது அம்மாவின் துவைத்த புடவை. சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற பொருள் அப்படித்தான் ஒளிரும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மூத்திரக் கறையின் ஒளி மங்கலான மஞ்சள், சில இடங்களில் பச்சை கலந்த மஞ்சள், ஓரம் கொஞ்சம் அடர்ந்து நடுவில் வெளிறி இருக்கும்.

சோபாவின் இருக்கையில் ஒன்றும் இல்லை. நாங்கள் அத்தனை நாள் தேய்த்துக்கொண்டிருந்தது அந்த இருக்கையைத்தான். சோபாவுக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆரம்பித்து வரிவரியாகக் கீழே ஒழுகிய தடங்கள். ஒன்றின் மேல் ஒன்று, பழையது மங்கலாக, புதியது அழுத்தமாக. திரையின் கீழ் மடிப்பில் அதேபோல. சோபாவின் முதுகுத் துணியில் ஒரு பட்டை, அதிலிருந்து வழிந்து மரக்காலில் ஒரு கோடு, கால் தரையைத் தொடுகிற இடத்தில் டைல்ஸ் இடுக்கு நெடுக ஒரு கோடு. வீட்டில் வேறு எந்த மூலையிலும் இல்லை. நாய் படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் இல்லை. அந்த ஒரு ஜன்னல்தான்.

அக்கா ஜன்னலைத் திறந்து வெளிப் பக்கத் திண்டில் டார்ச்சை அடித்தாள். அங்கேயும் ஒளிர்ந்தது. தெருவில் திரிகிற ஏதோ ஒரு கடுவன் பூனை வந்து வெளியே எழுதிவிட்டுப் போகிறது, மிளகு உள்ளே இருந்து பதில் எழுதுகிறான். நாய் பாவம், இதில் சம்பந்தமே இல்லை. ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கு மறைப்புத் தாள் ஒட்டி, வெளித் திண்டைக் கழுவிவிட்டு, அந்தக் கடுவன் உட்கார முடியாதபடி பூத்தொட்டிகளை நெருக்கி வைத்தோம். அதற்குப் பிறகுதான் கழுவுவதைப் பற்றிய பேச்சே. வரிசை மாறியிருந்தால், அதாவது முதலில் சுத்தமாகக் கழுவி ஜன்னலை அப்படியே விட்டிருந்தால், பளபளவென்று ஒரு புதுச் சுவரை மிளகுக்குத் தயார்செய்து கொடுத்ததாகத்தான் ஆகியிருக்கும்.

நெடி ஏன் பிறகு வருகிறது

புதிதாகப் போன பூனை மூத்திரம் அவ்வளவாக நாறாது. நாற்றம் வளர்கிற சங்கதி. முதலில், மூத்திரத்தில் கலந்திருக்கிற யூரியா என்ற கழிவுப் பொருள். அதைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்கும், அதற்கு நேரம் வேண்டும். கண்ணைக் கரிக்கிற அந்த முதல் நெடி அதுதான். ஆனால் பூனை வீட்டின் தனி அடையாளமான நெடி வேறு. பூனை இனத்தின் மூத்திரத்தில் ஃபெலினைன் என்று கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ மியாசாகியும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அதை உண்டாக்குகிற வேலையில் காக்சின் என்ற புரதத்தின் பங்கைக் காட்டினார்கள். கருத்தடை செய்யாத ஆண்களில் இது மிக அதிகம். ஃபெலினைனுக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. அது மெல்ல மெல்ல உடைந்து தையோல் என்கிற கந்தகச் சேர்மங்களை விடும். அவை மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். துடைத்த அன்று இல்லாத நெடி நாலைந்து நாள் கழித்துக் கிளம்புவது இதனால்தான். துடைத்தபோது நீரும் நிறமும் போயின, நாறப் போகிற சரக்கு நாறாத நிலையிலேயே இழைக்குள் தங்கிவிட்டது.

ஈரமான நாட்களில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. காய்ந்த கறையில் உப்புகள் மிஞ்சியிருக்கும். அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் பாக்டீரியாவுக்கு உயிர் வருகிறது, ஒட்டிக்கிடந்த நாற்ற மூலக்கூறுகள் விடுபட்டுக் காற்றில் ஏறுகின்றன. ஈர நாய் நாறுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

இன்னொன்று நம் மூக்கு. ஒரு வாசனையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அதனால் வீட்டுக்காரர் சொல்கிற "இப்ப போயிடுச்சு" என்ற சாட்சியம் செல்லாது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து மோந்து பார்க்கலாம், இல்லையென்றால் நாசூக்குப் பார்க்காத விருந்தாளி ஒருவரைக் கேட்கலாம். ஆனால் கடைசித் தீர்ப்பு விலங்கின் மூக்குக்குத்தான். அதன் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை, போதாததற்கு மேல் அண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. பூனை எதையோ மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, திகைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறதே, அப்போது அந்த உறுப்புக்குத்தான் சரக்கு போய்க்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்த இடத்தில் பூனை அந்த முகத்தைக் காட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பாட்டில்களைப் பற்றிக் கொஞ்சம் கோபமாக

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. நறுமணத்தால் நாற்றத்தை விரட்டலாம் என்ற நம்பிக்கை எப்படி இவ்வளவு உறுதியாக உட்கார்ந்தது என்று தெரியவில்லை. மல்லிகை வாசனையும் மூத்திர நெடியும் சேர்ந்தால் மல்லிகை வாசனை வீசுகிற மூத்திரம்தான் கிடைக்கும். மனித மூக்குக்குக் கொஞ்ச நேரம் குழப்பம், பூனை மூக்குக்கு ஒரு குழப்பமும் இல்லை. சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்த தெளிப்பான்கள் மட்டும் இதில் கொஞ்சம் நேர்மையானவை. நாற்ற மூலக்கூறைத் தங்களுக்குள் அடக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதுவும் காற்றுக்கும் துணியின் மேற்பரப்புக்கும்தான், பஞ்சுக்குள் ஊறியதை ஒன்றும் செய்யாது.

தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினி பூனை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. அதில் இருக்கிற பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றுகிற வேலையில் பூனையின் கல்லீரல் ரொம்பவே பலவீனம். தரையில் நடந்து, பாதத்தை நக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பைன் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் போன்றவையும் அப்படியே. "இயற்கையானது" என்று பாட்டிலில் எழுதியிருப்பது பூனைக்குப் படிக்கத் தெரியாது.

பிளீச் இன்னும் ஆபத்து. மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும், கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். சின்னக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு மண் தட்டைப் பிளீச்சால் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், வெறும் சோப்பும் வெந்நீரும் போதும். அம்மோனியா கலந்த தரை திரவங்கள் இருக்கின்றனவே, அவற்றின் நெடி பூனைக்கு மூத்திரத்தைத்தான் ஞாபகப்படுத்தும். அதைப் போட்டுத் துடைத்துவிட்டு, "திரும்பவும் அங்கேயே போறானே" என்று ஆச்சரியப்படுவதில் பொருளில்லை.

சரி, எப்படித்தான் கழுவுவது

புதுக் கறை என்றால் பாதி வேலை ஒற்றுவதில்தான் இருக்கிறது. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும், இழைக்குள் இறங்கும். பழைய துண்டை நாலாக மடித்து வைத்து, மேலே ஏறி நின்றுவிடுங்கள். துண்டு நனைந்ததும் மாற்றுங்கள். வறண்ட துண்டு வறண்டே வரும்வரை. அப்புறம் பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றல். வெந்நீரும் நீராவி இயந்திரமும் துணிக்கு, விரிப்புக்கு வேண்டாம். சூடு பட்டால் புரதக் கறை இழையோடு ஒட்டிக்கொண்டுவிடும். விரிப்பில் இன்னொரு சங்கடம், மேலே உள்ளங்கை அளவு தெரிகிற கறை அடியில் தட்டு அளவுக்குப் பரவியிருக்கும். மேலே மட்டும் சுத்தம் செய்தால் அடி மெத்தையிலிருந்து ஈரம் ஏறி மறுபடி மேலே வந்துவிடும். முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

பழைய கறைக்கு என்சைம் கிளீனர், அதாவது கறையில் உள்ள பொருட்களை உடைக்கிற நொதிகள் கலந்த திரவம். கடையில் நூறு பெயரில் கிடைக்கும், பின்பக்கச் சீட்டில் என்சைம் அல்லது பாக்டீரியா வளர்ப்பு என்று இருக்கிறதா என்பது மட்டும்தான் பார்க்க வேண்டியது. இது துடைக்கிற திரவம் கிடையாது, உட்கார்ந்து வேலை செய்கிற திரவம். பெரும்பாலோர் தரைத் திரவம் போல லேசாகத் தெளித்து ஒரு நிமிடத்தில் துடைத்துவிட்டு "இது சும்மா" என்கிறார்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும், ஆகவே கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்ற வேண்டும். ஈரமாக இருக்கிறவரைதான் என்சைம் வேலை செய்யும். பழைய கறை என்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி இரவெல்லாம் விடலாம். மறுநாள் நெடி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம், உடைகிற நேரத்தில் அப்படித்தான் இருக்கும். காய்ந்த பிறகுதான் தெரியும். அதே இடத்தில் ஏற்கெனவே கிருமிநாசினி, சோப்பு என்று போட்டிருந்தால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிட வேண்டும், அந்த மிச்சங்கள் என்சைமைச் செயலிழக்கச் செய்துவிடும்.

சுவருக்கும் டைல்ஸ் இடுக்குக்கும் நாங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் பயன்படுத்தினோம். இதன் பின்கதை எனக்குப் பிடிக்கும். பால் கிரேபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஸ்கங்க் என்கிற நாற்றம் பீய்ச்சும் விலங்கிடம் மாட்டிய செல்லப் பிராணிகளைக் கழுவ ஒரு கலவையைச் சொன்னார், 1993-இல் அது ஒரு வேதியியல் இதழில் வந்தது. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக 3 சதவீதப் பெராக்சைடு, கால் கோப்பை சமையல் சோடா, ஒன்றிரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். ஸ்கங்க் நாற்றமும் தையோல்தான், பூனையின் அந்தத் தனி நெடியும் தையோல்தான், பெராக்சைடு இரண்டையும் ஆக்சிஜன் ஏற்றி நாறாத பொருளாக மாற்றிவிடுகிறது. ஆனால் கலந்ததும் பயன்படுத்திவிட வேண்டும். ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருப்பதால் மூடி வைத்தால் பாட்டில் வெடித்துவிடும், எந்தக் கடையிலும் இதைக் கலந்து அடைத்து விற்க முடியாமல் போனதும் அதனால்தான். துணியின் நிறத்தையும் இது வெளுக்கும், எனவே கண்ணில் படாத மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சுவரில் ஊற்றியதும் பொசபொசவென்று நுரைத்து, டைல்ஸ் இடுக்கிலிருந்து பழுப்பாக ஒரு நீர் கசிந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை.

வினிகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மோனியாவைச் சமன் செய்யும், உண்மைதான், அந்த முதல் நெடிக்குப் போதும். கந்தக நெடியை அது தொடாது. பளிங்குத் தரையில் ஊற்றினால் கல்லையே அரித்து மங்கிய தழும்பு விட்டுவிடும்.

திரைச்சீலைகளை நனைத்து, என்சைம் திரவத்தில் ஊறவைத்து, குளிர்ந்த நீரில் துவைத்துக் காற்றில் காயப்போட்டோம். துணி மென்மையாக்கும் திரவம் போடவில்லை, அது இழைமேல் படலமாகப் படிந்து நெடியை உள்ளேயே பூட்டிவிடும். முழுக்கக் காய்ந்து, மோந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டி கிட்டே போக வேண்டும்.

அக்காவின் நாய்

மிளகு விவகாரத்தில் நிரபராதியான அந்த நாய் பிற்பாடு தன் பங்குக்கு ஒன்று செய்தது. படுத்து எழுந்த இடம் நனைந்திருக்க ஆரம்பித்தது. இந்த முறை யாரும் கோபம், பொறாமை என்று பேசவில்லை, நேராகக் கறைக்குத்தான் போனோம். தூங்கி எழுந்த இடத்தில் மட்டும், குளமாக, அதுவும் தனக்கே தெரியாமல். நடந்து திரிகிறபோது ஒரு சொட்டு இல்லை. கருத்தடை செய்த, வயதான பெண் நாய்களில் சிறுநீர்க் குழாயின் பிடிமானம் தளர்ந்து இப்படி ஆவது உண்டு. இதைச் சொன்னதுமே மருத்துவர் தலையாட்டிவிட்டார். சிறுநீரைச் சோதித்துக் கிருமி இல்லை என்று பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார், பெருமளவு நின்றுவிட்டது. படுக்கைக்கு நீர் புகாத உறை போட்டு, மேலே மாற்றி மாற்றிப் போட பழைய போர்வைகள். அதன் வயிற்று ரோமத்தையும் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துவிடும், நாம் வீட்டைக் கழுவிக்கொண்டிருக்க நெடி அதன்கூடவே நடந்து வரும்.

நாய் வீட்டு நெடி என்றால் எல்லாமே மூத்திரம் என்றும் இல்லை. மீன் வாடை வந்து, நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் அது ஆசனவாய்ச் சுரப்பிகள். புளித்த வாடை என்றால் காதைத் திறந்து பாருங்கள், பூஞ்சை இருக்கும். வாயைத் திறந்தால் நெடி என்றால் பல். இவற்றுக்கெல்லாம் தரையைத் துடைத்து என்ன ஆகப்போகிறது.

சோபா

கடைசியில் மிஞ்சியது அந்தச் சோபாதான். முதுகுப் பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஃபோம் ஒரு ஓரம் நெடுகப் பழுப்பேறிக் கிடந்தது. அக்கா என்சைம் ஊற்றலாம் என்றாள், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று. என் கருத்து வேறு. தடிமனான ஃபோமுக்குள் பலமுறை ஊறியதைப் பிழிந்து எடுக்க வழியில்லை, திரவம் ஊற்ற ஊற்ற உள்ளே காயாமல் பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஃபோம் வைத்தோம், துணியைத் துவைத்து மாட்டினோம். மரக்காலில் மூத்திரம் வழிந்த கோடு கறுத்துப்போயிருந்தது. மரத்தில் இயற்கையாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அம்மோனியாவும் சேர்ந்தால் அப்படி ஆகும், தேய்த்துப் போகாது. மேல் வார்னிஷை உரசி எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுக்கலாம், கையுறை போட்டுக்கொண்டு. நாங்கள் நிறத்தை அப்படியே விட்டுவிட்டோம், சோபாவுக்குப் பின்னால் போய் யார் பார்க்கப் போகிறார்கள். நெடியை மட்டும் அடைத்தால் போதும் என்று கழுவிக் காயவைத்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் என்ற பூச்சைப் பூசினோம்.

சுவரின் கீழ்ப்பகுதிக்கும் அதே வைத்தியம்தான். சிமெண்டும் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை, எவ்வளவு கழுவினாலும் ஆழத்தில் கொஞ்சம் தங்கும். கழுவி, பல நாள் முழுசாகக் காயவிட்டு, ஷெல்லாக் பிரைமரை அடிப்பூச்சாக அடித்து, அதற்கு மேல் சாதாரணப் பெயிண்ட். சாதாரணப் பெயிண்டை மட்டும் அடித்தால் நெடி அதன் வழியே வெளியே வந்துவிடும். ஈரம் இருக்கும்போது அடித்தால் பிரைமர் உரிந்துவிடும், காயாமல் அவசரப்பட வேண்டாம். பூசுகிற அன்று ஸ்பிரிட் நெடி மூக்கைத் துளைக்கும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்து, பூனையையும் நாயையும் வேறு அறையில் விட்டுவிட்டுப் பூசுங்கள். காய்ந்ததும் அந்த ஸ்பிரிட் நெடி தானாகப் போய்விடும்.